மண் போட்ட தொட்டியில் இலைகள் கரைகின்றன, மீன்களும் இறக்கின்றன: என்ன செய்வது?

செம்பனைநிழல், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். கார்பன் டை ஆக்சைடு உருளையோ விலை கூடிய விளக்கோ இல்லாமல், மண்ணையும் செடியையும் மட்டுமே நம்பி நன்னீர் மீன் தொட்டி வளர்க்கும் ஆசையில், 60 செண்டிமீட்டர் நீளத் தொட்டி ஒன்றை மூன்று வாரங்களுக்கு முன் அமைத்தேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள செம்பனை மரத்தடியில் மண் எடுத்து 5 செண்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, மேலே சிறிதளவு சரளை தூவி, கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடியை நட்டு, மறுநாளே எட்டு ஹார்லிகுவின் ரஸ்போரா மீன்களை விட்டேன். இரண்டாம் வாரத்தில் இலைகள் கண்ணாடிபோல் வெளிறி, விரல் பட்டதும் கூழாகக் கரைந்தன. நான்கு மீன்கள் நீரின் மேற்பரப்பிலேயே வாயைத் திறந்து மூடியபடி இருந்து இறந்துவிட்டன. மண்ணைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வருகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிடுவதா, காப்பாற்ற வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நீர்வேலி, தைப்பிங்

வணக்கம் நண்பரே. மண்ணை அகற்றுங்கள், செடியைக் கொட்டிவிடாதீர்கள். செம்பனை மரத்தைச் சுற்றிப் புல்லுக்கு மருந்து அடித்து வட்டத்தைச் சுத்தமாக வைத்திருப்பதும், அதே வட்டத்துக்குள் உரம் போடுவதும் நம் தோட்டங்களின் வழக்கம் என்பதால், நீங்கள் எடுத்த மண்ணில் நைட்ரஜன் உரம் தங்கியிருக்க நிறைய வாய்ப்புண்டு. அது நீரில் கரைந்து அம்மோனியாவாக வெளிவரும்போது, அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் இன்னும் பெருகியிருக்காது. அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூட அம்மோனியாவின் நச்சும் கூடும். நம் ஊரில் தொட்டி நீர் 28, 29 பாகையில் நிற்பதை மறக்கக் கூடாது.

மீதி நான்கு மீன்களையும் இன்றே வேறொரு வாளிக்கு மாற்றி, தினமும் பாதி நீரை மாற்றுங்கள். குழாய் நீருக்குக் குளோரின் நீக்கி கட்டாயம் தேவை. குளோரமைன் கலந்த நீராக இருந்தால் ஓரிரவு திறந்து வைப்பதால் மட்டும் அது போகாது.

புதிய மண்ணுக்குப் பல ஆண்டுகளாக உரமோ மருந்தோ படாத இடமாகப் பாருங்கள். சலித்து, நீரில் ஊறவைத்து, மேல்நீரைப் பலமுறை வடித்து, 2.5 செண்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்பி, அதே உயரத்துக்குச் சரளையால் மூடுங்கள். அடுக்கு தடிமனானால் அடியில் ஆக்சிஜன் எட்டாமல் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். உங்களுக்கு அடித்த முட்டை வாடை அதுதான்.

பால்மரக்காடு, பீடோர்

தம்பி, இலை கரைந்ததால் செடி செத்துவிட்டதாக எண்ண வேண்டாம். நீரும் இடமும் மாறினால் கிரிப்டோகோரைன் தன் இலைகளை உதிர்த்துவிட்டு அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்ப்பது அதன் இயல்பு. கிரிப்டோகோரைன் அஃபினிஸ் என்ற வகை நம் தீபகற்ப மலேசியாவின் ஓடைகளுக்கே உரியது. நீங்கள் வாங்கிய ரஸ்போராவும் இந்த மண்ணின் மீன்தான். நிழல் விழும் ஓடைகளில் வாழ்ந்து, அகன்ற இலைகளின் அடிப்புறத்தில் முட்டையை ஒட்டி வைக்கும். இளம் வயதில் தோட்டத்து ஓடையில் குனிந்து, ஓர் இலையைத் திருப்பி அந்தச் சிறு முட்டைகளைப் பார்த்த நாள் முதல் இந்த மீன்மீது எனக்குத் தனிப் பாசம் உண்டு.

இதற்கு மேல் நான் சொல்ல விரும்புவது மிதவைச் செடியைப் பற்றித்தான். கியம்பாங் ஒரு கைப்பிடி போட்டு வையுங்கள். அது கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் வேகமாக வளர்ந்து, அம்மோனியாவை உறிஞ்சி, வெளிச்சத்தையும் குறைத்துப் பாசியை அடக்கும். பாதி மேற்பரப்பை மூடியதும் அள்ளி எடுத்து உரக்குழியில் போடுங்கள்; கால்வாயில் மட்டும் எறிந்துவிடாதீர்கள், ஆறுகளையும் குளங்களையும் மூடிவிடும். விளக்கைக் காலையில் நான்கு மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம் என்று பிரித்து எரித்தால், இடைவேளையில் கார்பன் டை ஆக்சைடு நீரில் மீண்டும் சேரும்.

செம்பனைநிழல், சுங்கை சிப்புட்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டேன். நான்கும் இப்போது அடியில் அமைதியாக நீந்துகின்றன. ஐயா சொன்னபடி ஒரு செடியைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கிறது. தண்டின் நுனியில் அரிசி அளவில் பழுப்புத் துளிர் ஒன்று தெரிகிறது. பாட்டி வீட்டுக் கொல்லையில் உரம் படாத மண் இருக்கிறது, சனிக்கிழமை போய் எடுத்து வருவேன். அதுவரை செடிகளை வெறும் நீரில் போட்டு வைத்தால் தாங்குமா ஐயா?

பால்மரக்காடு, பீடோர்

தாங்கும் தம்பி. வெயில் படாத இடத்தில் வைத்து, நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். நடும்போது துளிர் சரளைக்கு மேலே தெரிய வேண்டும்.