சிகாகோ நண்பர்களே, கவிதை இரவுக்கு வழி சொல்லுங்க

அலுவலக வேலையா அடுத்த மாசம் சிகாகோ வர்றேன். மேடையில நேரடியா கவிதை சொல்றதை ஒரு ராத்திரியாவது உட்கார்ந்து பார்க்கணும்.

மனசுல இருக்கிற இடம் அப்டவுன் பகுதியில உள்ள கிரீன் மில். கட்டுமானத் தொழிலாளியா இருந்த மார்க் ஸ்மித் 1986-ல பொயட்ரி ஸ்லாம்ங்கிற மேடைக் கவிதைப் போட்டியை நடத்த ஆரம்பிச்ச ஜாஸ் பார். ஸ்லாம்ல பார்வையாளர்லயே அஞ்சு பேரைப் பிடிச்சு நடுவரா உட்கார வச்சு, பத்துக்கு மார்க் போடச் சொல்வாங்க. அதிகபட்சத்தையும் குறைஞ்சபட்சத்தையும் தள்ளிட்டு மீதி மூணைக் கூட்டுவாங்க. மூணு நிமிஷம் தாண்டினா மார்க் குறையும். (நம்ம கவியரங்கத் தலைவர்கள் சிலருக்கு இந்த விதியை அனுப்பி வைக்கலாம்!)

பல வருஷம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் நடந்துச்சு. இப்ப எந்தக் கிழமை? முன்பதிவு வேணுமா, வாசல்ல காசு கொடுத்தா போதுமா?

இன்னொரு சிக்கல். சிகாகோல படிக்கிற அண்ணன் பொண்ணுக்கு 19 வயசு. கவிதை எழுதறவளே அவதான். 21 ஆகாதவங்களை பார்ல விடமாட்டாங்களே. யங் சிகாகோ ஆதர்ஸ் அமைப்பு இளையவங்களுக்கு ஓப்பன் மைக் (விரும்பினவங்க மேடையேறிச் சொல்ற நிகழ்ச்சி) நடத்தும்னு தெரியும். அங்கே என்னை மாதிரி நரைச்ச தலையும் உட்காரலாமா?

பாட்டு, நகைச்சுவை, கவிதை எல்லாம் கலந்த கேபரே பார்த்தவங்க இருந்தா, எந்த இடம் உருப்படியா இருந்துச்சுன்னு சொல்லுங்க. டிக்கெட்டுக்கு மேல ரெண்டு டிரிங்க் கட்டாயம்னு சொல்ற இடமா இருந்தா அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க.

ரெட் லைன் ரயில் ராத்திரி முழுக்க ஓடும், கிரீன் மில்லுக்கு லாரன்ஸ் ஸ்டேஷன் பக்கம்தான். பதினோரு மணிக்கு மேல ஏறலாமா, டாக்ஸிதான் நல்லதா?