3இ அடித்தால் 3எஃப் நிற்கிறது: 8085 மைக்ரோபிராசசர் பயிற்சிக் கிட்டில் மூவர் பார்த்தவை

தொண்டி லேப்:
மெமரி முகவரி 4100-ல் 3இ, 4101-ல் 05 அடித்தோம், எல்லாம் ஹெக்ஸ் எண். எம்விஐ ஏ, 05 தான், அதாவது ஏ ரெஜிஸ்டரில் 05-ஐப் போடு. திரும்பப் பார்த்தால் டிஸ்ப்ளேயில் 3எஃப்! அது சிஎம்சி என்ற வேறு கட்டளை, கேரி ஃப்ளாக் பிட்டைப் புரட்டிவிட்டுப் போய்விடும். அடுத்த 05 இப்போது டேட்டா இல்லை, டிசிஆர் பி என்ற கட்டளை. ஏ-யில் பழைய குப்பை அப்படியே கிடக்க, பி-யில் ஒன்று குறையும். எர்ரர் எதுவும் வராது. 3இ-க்கும் 3எஃப்-க்கும் கடைசி பிட் மட்டும்தான் வித்தியாசம், அது வரும் கால் டி0. ரேம் சாக்கெட்டில் அந்தக் கால் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது. பவரை அணைத்து ஐசியைக் கழற்றி, காலைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்துச் செருகியதும் 3இ வந்தது.

பாம்பன் பாலம்:
கால் தொடாவிட்டால் 1 தான் வரும் என்று சொல்ல முடியாதுண்ணே. உங்கள் போர்டில் புல்-அப், அதாவது கம்பியை 1-க்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர், இருக்கணும். ஏடி0 கம்பி முதலில் முகவரியைச் சுமக்கும். ஏஎல்இ (முகவரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்னல்) இறங்கின பிறகுதான் அதில் டேட்டா. ரேம் வாய் திறக்காவிட்டால், புல்-அப் இல்லாத கிட்டில் முகவரியின் கடைசி பிட்டே கம்பியில் தங்கிவிடும். 4100, 4101 இரண்டிலும் 00 எழுதிப் படியுங்கள். 00, 01 என்று வந்தால் இதுதான் கதை. இரண்டிலும் 01 என்றால் புல்-அப். 4100 இரட்டைப்படை, அதில் 3எஃப் வந்திருக்கிறதே!

கீழக்கரை 85:
சாக்கெட்டைக் கழற்றும் முன் அடித்ததைச் சரிபாருங்கப்பா. எஸ்டிஏ 4200-க்கு (ஏ-யில் இருப்பதை 4200-ல் எழுதும் கட்டளை) 32 00 42. கீழ் பைட் முதலில். ஒருத்தர் 32 42 00 அடித்திருந்தார். அது 0042-க்குப் போகும். அங்கே கிட்டை இயக்கும் மானிட்டர் புரோகிராம் இருக்கும் ஈபிராம், படிக்க மட்டும்தான், எழுத்து ஒட்டாது. 4200 காலி.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நேரம் கடத்தும் டிலே லூப்பில் டிசிஎக்ஸ் பி (பிசி ஜோடியில் ஒன்று குறைப்பது) போட்டு நேராக ஜேஎன்இசட் (ஜீரோ ஃப்ளாக் 0 என்றால் தாவுவது) போடாதீர்கள். டிசிஎக்ஸ் ஜீரோ ஃப்ளாகைத் தொடாது. ஜீரோ ஃப்ளாக் முன்னமே 0 என்றால் லூப் முடியவே முடியாது, 1 என்றால் ஒரே சுற்றில் வெளியே. பி, சி இரண்டும் 0 ஆச்சா என்று பார்க்க நடுவில் எம்ஓவி ஏ,பி, ஓஆர்ஏ சி போடணும்: 0பி, 78, பி1, பிறகு சி2. சுற்றுக்கு 6+4+4+10, மொத்தம் 24 டி-ஸ்டேட், அதாவது கடிகாரத் துடிப்பு. கிரிஸ்டல் 6.144 மெகாஹெர்ட்ஸ் என்றால் உள்ளே ஓடுவது பாதி, 3.072. பிசி-யில் எஃப்எஃப்எஃப்எஃப் போட்டால் சுமார் அரை செகண்ட். ஏ-யில் இருந்தது அழிந்துவிடும், ஏ-யையும் ஃப்ளாகையும் ஸ்டாக்கில் சேமிக்கும் புஷ் பிஎஸ்டபிள்யூ மறந்துடாதீங்க.

தொண்டி லேப்:
டி0 காலை மறுபடி தொடாமல் விட்டு 00 எழுதினோம். இரண்டிலும் 01. போர்டில் ரெசிஸ்டர் வரிசை இருக்குப்பா. டிலே யார் கேட்டது?