ஹோஸை மாட்டும் அந்த ஐந்து நிமிடம்: மோட்டார்ஹோம் தண்ணீர் இணைப்பில் கையைக் கடித்த அனுபவங்கள்

மோட்டார்ஹோமில், அதாவது வீடு போல வசதிகள் உள்ள பயண வண்டியில், கிளம்புகிறவர்கள் டயரைப் பார்ப்பார்கள், பேட்டரியைப் பார்ப்பார்கள், கேஸ் வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பார்கள். தங்கும் இடத்துக் குழாயிலிருந்து வண்டிக்கு மாட்டும் தண்ணீர் ஹோஸ் விஷயத்தில் மட்டும் ஒரு அலட்சியம். நாள் முழுக்க ஓட்டிய களைப்பில், இருட்டப்போகிற நேரத்தில், மாட்டினோமா, திறந்தோமா என்று முடித்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். வருடக்கணக்காக இப்படிப் பயணம் செய்ததில் எங்களைச் சுற்றி நடந்ததைப் பார்த்துச் சொல்கிறேன். பெரிய செலவு வைத்த சேதங்களில் நிறைய அந்த நேரத்தில்தான் தொடங்கின.

முதலில், பக்கத்து இடத்தில் வண்டி போட்டிருந்த ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது. அவர்கள் வண்டியின் பக்கச் சுவரில் வரிசையாக மூன்று வாய்கள் இருந்தன. ஒன்று, வெளிக்குழாய்த் தண்ணீர் நேராக வண்டிக்குள் இருக்கும் குழாய்களுக்குப் போகும் ‘சிட்டி வாட்டர்’. இன்னொன்று நல்ல தண்ணீர் டேங்க்கை நிரப்புவது. மூன்றாவது, கழிவறை டேங்க்கை உள்ளே பீய்ச்சி அலசுவதற்கானது. மூன்றிலும் ஒரே அளவு மரை, ஒரே ஹோஸ் பொருந்தும். எழுத்து வெயிலில் மங்கிப்போயிருந்தது. அந்தக் குடும்பத் தலைவர் ஹோஸை அலசும் வாயில் மாட்டிவிட்டார். கழிவு வால்வு மூடியிருந்தது.

உள்ளே சிங்க் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பிரஷர் குறைவு போலிருக்கிறது என்று வெளியே குழாயை இன்னும் முழுதாகத் திறந்தார். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 லிட்டர் டேங்க் கால் மணி நேரத்தில் நிரம்பிவிடும். கழிவறைப் பக்கம் குமிழி விடுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் உள்ளேயிருந்து அவர் மனைவி, “என்னங்க, குழாயை மூடுங்க! சீக்கிரம் மூடுங்க!” என்று கத்தினார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கூரையில் உள்ள காற்றுக்குழாய் வழியாகக் கழிவு வெளியேறி ஜன்னல் மேல் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே தரைவிரிப்பு, மெத்தையின் கீழ்ப்பாகம், அடியில் இருந்த பலகை என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது. நல்ல மனிதர், கவனமானவரும்கூட. ஆனால் வெளிச்சம் போன நேரத்தில் அந்த மூன்று வாய்களும் ஒரே மாதிரிதான் தெரியும். அன்றைக்கே எங்கள் வண்டியில் அலசும் வாய்க்குச் சிவப்பு மூடி போட்டு, அதற்கென்று வேறு நிற ஹோஸ் வாங்கித் தனியாக வைத்தோம். குடிதண்ணீர் ஹோஸும் அதுவும் ஒரே பெட்டியில் இருக்கவே கூடாது.

அடுத்தது பிரஷர். பெரும்பாலான வண்டிகளின் உள்குழாய்க்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) வரை ஏற்றது. தங்கும் இடங்களில் கடைசி மூலைக்கும் தண்ணீர் போய்ச்சேர வேண்டும் என்று கூடுதல் அழுத்தத்தில் அனுப்புவார்கள். சில இடங்களில் 100 பிஎஸ்ஐ-யைத் தாண்டும். சாயங்காலம் எல்லாரும் குளிக்கும்போது அளந்தால் குறைவாகக் காட்டும். நள்ளிரவில் யாரும் குழாயைத் திறக்காதபோதுதான் அது ஏறி நிற்கும். உள்ளே இருப்பது பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் குழாய், ‘பெக்ஸ் குழாய் தாங்கும்’ என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், சாதாரண வெப்பநிலையில் அது 160 பிஎஸ்ஐ வரைக்கும் தாங்கும். ஆனால் உடைவது குழாய் இல்லையே. கழிவறைக்குப் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் வால்வு, சிங்க்குக்கு அடியில் உள்ள சின்ன இணைப்பு, ஷவர் பொருத்து, இவைதான் முதலில் விட்டுப்போகும்.

எங்களோடு சேர்ந்து வந்த ஒரு நண்பர் வண்டியில் அப்படித்தான் ஆனது. அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் ரெகுலேட்டர் இருந்தது, டிராயரில். காலையில் ஹோஸைத் திறந்தபடியே விட்டுவிட்டு எல்லாரும் நடக்கப் போனோம். மதியம் திரும்பி வந்தபோது வண்டியின் படிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழிவறை வால்வில் மயிரிழை விரிசல், அவ்வளவுதான். விரலால் தடவினால்கூடத் தெரியாது, ஈரம்தான் காட்டிக்கொடுத்தது. தரைப் பலகை ஊறி உப்பி, கதவு திறக்க முடியாமல் பிடித்துக்கொண்டது. அந்த வால்வுக்கு ஆன செலவு ஒன்றுமே இல்லை. தரையைப் பிரித்துப் போட்ட கூலிதான் அவரை வாட்டிவிட்டது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். டேங்க்கில் தண்ணீர் பிடித்துப் பம்ப் போட்டுப் பயன்படுத்தினால், என்ன கசிந்தாலும் டேங்க்கில் உள்ளது போனதோடு சரி. அதோடு, யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் டக்டக்கென்று ஓடினால் எங்கோ கசிகிறது என்று காதே சொல்லிவிடும். வெளிக்குழாயில் நேராக மாட்டினால் இந்த இரண்டும் இல்லை. சத்தமும் வராது, தண்ணீரும் தீராது. நீங்கள் வந்து மூடுகிற வரைக்கும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் வண்டியை விட்டு வெளியே போகும்போது, பத்து நிமிடமானாலும், வெளிக்குழாயை மூடுங்கள். ராத்திரி படுக்கும் முன்பும் மூடுங்கள். ஹோஸைக் கழற்ற வேண்டாம், மூடினால் போதும்; பிறகு உள்ளே ஒரு குழாயைக் கொஞ்சம் திறந்து அழுத்தத்தை இறக்கிவிடுங்கள்.

நல்ல தண்ணீர் டேங்க்கை நிரப்பும் வால்வும் இதே வகைதான். நிரம்பட்டும் என்று திருப்பிவிட்டுப் பேச்சில் மறந்துபோனால், டேங்க்கின் காற்றுக்குழாய் சின்னது, உள்ளே வருகிற வேகத்துக்கு வெளியேற்ற முடியாது. டேங்க் உப்பும், விரிசல் விடும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 300 லிட்டர் என்றால் 300 கிலோ அதைத் தாங்கும் பட்டைகளில் தொங்குகிறது. சில வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. பம்ப்பில் தண்ணீரைப் பின்னால் விடாமல் தடுக்கும் வால்வு தேய்ந்துபோனால், சிட்டி வாட்டரில் மாட்டிய தண்ணீர் பம்ப் வழியாகத் திரும்பி டேங்க்கை நிரப்பும். நிரப்பும் வால்வைத் தொடாமலே டேங்க் அளவு ஏறிக்கொண்டு போனால், சந்தேகம் அங்கேதான்.

ஹீட்டர் பற்றி ஒரு வரி: சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வருவதைப் பார்த்த பிறகே மின்சார சுவிட்சைத் தொடுங்கள். ஹீட்டரின் டேங்க் காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் எலிமென்ட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருகிவிடும். உறைபனி எதிர்பார்க்கிற ராத்திரியில் ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு டேங்க் தண்ணீருக்கு மாறிவிடுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது, ஹோஸ் முனையும் ரெகுலேட்டரும் அதைத் தாங்காது.

நாங்கள் இப்போது மாட்டும் முறையைச் சொல்கிறேன். முதலில் வெளிக்குழாயைத் தனியாகத் திறந்து துருவும் மண்ணும் போகும்வரை ஓடவிடுவோம். ரெகுலேட்டரைக் குழாய்ப் பக்கமே மாட்டுவோம். வண்டிப் பக்கம் மாட்டினால் ஹோஸும் ஃபில்டரும் முழு அழுத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். அளவுமானி உள்ள, திருகி மாற்றக்கூடிய ரெகுலேட்டர் வாங்குங்கள். மலிவான சின்ன உருளை வகையில் தண்ணீர் வரத்தும் குறைந்துபோகும், எவ்வளவு அழுத்தம் என்றும் தெரியாது. வண்டிப் பக்க வாய் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஹோஸின் கனம் அதில் தொங்காமல் வளைவு இணைப்பு ஒன்றைப் போட்டு, மரை பிடிக்கிறதா என்று பார்த்துக் கையால் மட்டுமே இறுக்க வேண்டும். சொட்டினால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், ரப்பர் வாஷரை மாற்றுங்கள்.

வண்டி வாங்கப்போகிறவர்களும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வெளிக்குழாயை மூடி, டேங்க்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, எல்லாக் குழாய்களையும் அடைத்துப் பம்ப்பை மட்டும் போட்டு வையுங்கள். அழுத்தம் ஏறியதும் பம்ப் நிற்கும். ஒரு மணி நேரம் அது ஓடாமல் இருந்தால் கவலையில்லை. நடுவில் ஓடினால் டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் கழிவறைக்குப் பின்னாலும், அடுத்து சிங்க்குக்கு அடியிலும், பிறகு ஹீட்டர் பெட்டியிலும் பாருங்கள். அங்கெல்லாம் காய்ந்து இருந்தால் பம்ப்பின் அந்தத் தடுப்பு வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.