ஓய்வூதியரா, ஊதியரா?

அன்புள்ள குழுவினருக்கு,

நாடக மாணவர்களுக்கான பாடநூலில் பிரெஞ்சு நடிகரும் இயக்குநருமான ழான்-லூயி பாரோ பற்றிய பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1910இல் பிறந்த அவர், 1940இல் பாரிசின் கொமெதி-பிரான்சேஸ் அரங்கில் ‘பான்சியோனேர்’ ஆகச் சேர்ந்து, பிறகு ‘சொசியேத்தேர்’ ஆனார். வரைவில் முன்னதை ‘ஓய்வூதியர்’ என்று பெயர்த்திருப்பதால், முப்பது வயதில் ஓய்வு பெற்றவர் 1942இல் ராசீனின் ‘ஃபேத்ர்’ நாடகத்தை இயக்கினார் என்று பாடம் சொல்கிறது! பான்சியோனேர் ஒப்பந்தச் சம்பளக்காரர்; சொசியேத்தேர் அரங்கின் ஆதாயத்தில் பங்குடையவர். ‘சம்பள நடிகர்’, ‘பங்காளி’ என்று வைக்கலாமா?

மறுமொழி:

‘பங்காளி’ என்றதும் வரப்புத் தகராறுதான் நினைவுக்கு வருகிறது, ஐயா. ஆனால் 1946இல் பாரோ, நடிகை மதலேன் ரெனோவுடன் அந்த அரங்கைவிட்டு வெளியேறித் தனிக்குழு கண்டதைப் பார்த்தால், அதுவே பொருத்தமோ என்னவோ. ‘பங்குதாரர்’ என்பதில் பாரசீக விகுதி ஒட்டியிருப்பதோடு பங்குச்சந்தை வாடையும் அடிக்கிறது. ‘பங்குநர்’ என்பது என் பரிந்துரை.

மறுமொழி:

‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்னும் 449ஆம் குறளில் ஊதியம் என்பது ஆதாயமேயன்றிக் கூலியன்று. 231ஆம் குறளிலும் அவ்வாறே. எனவே ஆதாயத்தில் பங்குபெறும் சொசியேத்தேரே ‘ஊதியர்’. சம்பளத்தைச் சம்பா, அளம் (உப்பு) என்று பிரித்துத் தமிழ் என்பார் பாவாணர். வழிச்செலவைக் குறிக்கும் வடசொல் என்பார் பிறர். நெல்லும் உப்பும் கூலியாக அளக்கப்பட்ட மண்ணில் எனக்கு முன்னதே சரியெனப் படுகிறது.

மறுமொழி:

ஐயாவின் குறள் விளக்கம் சரியே. ஆயினும் இன்றைய மாணவர் ‘ஊதியர்’ என்றால் சம்பளம் வாங்குபவரையே நினைப்பார். 1680இல் தோன்றிய கொமெதி-பிரான்சேஸ் குழுவை இன்றுவரை தாங்கிவரும் முறையும், 1812ஆம் ஆண்டு நெப்போலியன் மாஸ்கோவிலிருந்து பிறப்பித்த ஆணை வகுத்த ஒழுங்கும், ஒரே சொல்லால் தலைகீழாகிவிடும். ‘பங்குநர்’ என்பதும் அகராதி இல்லாமல் விளங்காது. ‘பங்குறுப்பினர்’, ‘ஒப்பந்த நடிகர்’ என்பவை அழகற்றவைதாம், ஆனால் விளங்கும்.

மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. மூவர் ஒப்பியதால் ‘பங்குறுப்பினர்’, ‘ஒப்பந்த நடிகர்’ என்றே அனுப்புகிறேன். முதன்முறை வருமிடத்தில் பிரெஞ்சு ஒலிப்பும் உடனிருக்கும்.

மறுமொழி:

என் மறுப்பு நீடிக்கிறது. 449ஆம் குறளை அடிக்குறிப்பிலாவது சேர்த்துவிடுங்கள்.