புதுப்பிப்பு: வீட்டு வைஃபையில் பிரிண்டர், பாட்டு, கேம்

போனில் பிரிண்டர் தெரியவில்லை, மாடியில் பாட்டு விட்டு விட்டு வருகிறது, சாயங்காலம் தம்பி கேம் ஆடினால் பிங் (கேம் சர்வருக்குப் போய் பதில் வர ஆகும் நேரம்) எகிறுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

எங்கள் பிரிண்டர் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் (பேண்ட்) மட்டும்தான் இணையும். எங்கள் ரவுட்டரில் அந்தப் பேண்ட் கெஸ்ட் நெட்வொர்க்காக இருந்தது. கெஸ்ட்டில் சேரும் கருவிக்கு இணையம் கிடைக்கும், ஆனால் வீட்டிலுள்ள மற்ற கருவிகளோடு பேச விடாது. 2.4-ஐ மெயின் நெட்வொர்க்குக்கு மாற்றியதுமே போனில் பிரிண்டர் பெயர் வந்துவிட்டது. பிரிண்டரின் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி) மாறாமல் இருக்க ரவுட்டரிலேயே 192.168.1.50 என்று ரிசர்வ் செய்துவிட்டேன். அம்மா இப்போது கரண்ட் பில்லைப் போனிலிருந்தே பிரிண்ட் எடுக்கிறார்.

பாட்டு, ஜெல்லிஃபின் (வீட்டிலேயே பாட்டு, படம் ஸ்ட்ரீம் செய்யும் மென்பொருள்) போட்ட பழைய லேப்டாப்பிலிருந்து வருகிறது. லேப்டாப்பும் வைஃபையில் இருந்ததால் ஒவ்வொரு பாட்டும் காற்றில் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது: லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு, அங்கிருந்து ஸ்பீக்கருக்கு. லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து, 2.4-ஐ ஆட்டோவிலிருந்து சேனல் 11-க்கு மாற்றினேன். தடங்கல் நின்றது. சிடி தரத்தில் இருக்கும் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஃபைல்) பாட்டுக்கே சுமார் 1 எம்பிபிஎஸ்தான் தேவை; இதற்காகப் பெரிய பிளானுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேம் பாதிதான் சரியானது. யாராவது போட்டோ பேக்கப் போட்டால் அப்லோடு நிரம்பி பிங் ஏறுகிறது. பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளியிருக்கிறேன். லைன் நிரம்பினாலும் பிங் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் வசதி எங்கள் ரவுட்டரில் இல்லை. அந்த வசதி தரும் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள்) போட்டுப் பழகியவர்கள் நல்ல மாடல் ஒன்று சொல்லுங்கள்.