கல்ச்சர் ரிப்போர்ட் முழுக்க 'ஆர்': புது மருந்தே கிடையாதா?

காவிரிக்கரை:
அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. சிறுநீர்த் தொற்று என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பதினோரு நாள் ஆகிறது, காய்ச்சல் விட்டபாடில்லை. நேற்றுதான் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவாம். மேலிருந்து கீழே வரை 'ஆர்', 'ஆர்' (அந்த மருந்து கேட்காது என்று அர்த்தம்), மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கும் 'ஆர்', கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினுக்கு மட்டும் 'ஐ' (இடைநிலை). கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏற்கெனவே 1.9, கோலிஸ்டினைப் போட்டால் கிட்னி தாங்குமா என்று டாக்டரே யோசிக்கிறார். சென்னைக் கம்பெனி ஒன்றின் ஆன்டிபயாடிக்குக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததாகப் படித்த ஞாபகம். அது அம்மாவுக்கு உதவுமா?

லேப்காரன்:
நீங்கள் சொல்வது என்மெட்டாசோபாக்டம். ஆர்கிட் பார்மாவில் பிறந்த மூலக்கூறு, செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது, அதுவும் சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்குத்தான். ஆனால் அவசரப்படாதீர்கள். அது முக்கியமாக ஈஎஸ்பிஎல் வகை நொதிகளை (ஆன்டிபயாடிக்கை உடைக்கப் பாக்டீரியா சுரப்பவை) அடக்குகிற மருந்து. மெரோபெனமே கேட்கவில்லை என்றால் உள்ளே இருப்பது அநேகமாக என்டிஎம் ('நியூ டெல்லி' என்று பெயர் வைத்த நொதி) அல்லது ஓஎக்ஸ்ஏ-48 என்ற இன்னொரு நொதி, சில சமயம் இரண்டும். என்டிஎம்மிடம் இந்தப் புது மருந்தும் பலிக்காது. (பெயரில் டெல்லி இருக்கிறதே என்று 2010இல் போட்ட சண்டையில் பாதியைக் கிருமியோடு போட்டிருக்கலாம்.)

என்டிஎம்முக்கு ஒரு பலவீனம் உண்டு: அஸ்ட்ரியோனம் என்ற ஆன்டிபயாடிக்கை அதால் உடைக்க முடியாது. கூடவே இருக்கும் மற்ற நொதிகள் உடைத்துவிடும், அவற்றை அவிபாக்டம் என்ற துணை மருந்து கட்டிப்போடும். அதனால் செஃப்டசிடைம்-அவிபாக்டத்தையும் அஸ்ட்ரியோனத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றுவார்கள். ஓஎக்ஸ்ஏ-48 மட்டும்தான் என்றால் பெரும்பாலும் அஸ்ட்ரியோனம் இல்லாமல் முதலாவதே போதும். எந்த நொதி என்று ஜீன் டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கிரியாட்டினினைப் பார்த்து டோஸை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழையரெப்:
புது மருந்து ஏன் வரிசையாக வருவதில்லை என்றால், காசுதான் சார். பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 2018 ஜூனில் அனுமதி வாங்கியது, அதைச் செய்த அகாவோஜென் 2019 ஏப்ரலில் திவால். பிரஷர் மாத்திரை என்றால் ஆயுசுக்கும் ஓடும். இதை ஒரு வாரம், இரண்டு வாரம் போட்டு நிறுத்திவிடுவார்கள், அதுவும் வேறு எதுவும் கேட்காதபோதுதான் அலமாரியிலிருந்து எடுப்பார்கள். அப்படி எடுப்பதுதான் சரியும்கூட, அப்புறம் கம்பெனி எதை விற்றுப் பிழைக்கும்? பிரிட்டனில் 2022இல் சந்தா மாதிரி ஒன்று கொண்டு வந்தார்கள்: எத்தனை பாட்டில் போனாலும் வருஷத்துக்கு இவ்வளவு என்று. செஃபிடெரோகால் என்ற புது ஆன்டிபயாடிக்கும், லேப்காரன் சொன்ன செஃப்டசிடைம்-அவிபாக்டமும் அதில்தான் முதலில் சேர்ந்தன.

மலைக்கோட்டை:
பாக்டீரியாவைத் தின்கிற வைரஸ், ஃபேஜ் சிகிச்சை, அதைப் பார்க்கலாமே? ஜார்ஜியா நாட்டில் எலியாவா ஆய்வு நிலையம் 1923இலிருந்து இதைத்தான் செய்கிறது.

லேப்காரன்:
உண்மைதான், 2016இல் கலிபோர்னியாவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர் அதில் பிழைத்தார். ஆனால் அவருடைய கிருமிக்கென்றே பொருந்துகிற வைரஸ்களைச் சாக்கடைத் தண்ணீரிலிருந்தெல்லாம் தேடிச் சுத்தப்படுத்தினார்கள், பல ஆய்வகங்கள் சேர்ந்து. இந்த அம்மாவுக்கு இன்று ராத்திரிக்குள் மருந்து வேண்டும்.

காவிரிக்கரை:
கேட்டுவிட்டேன் அண்ணா. ஜீன் டெஸ்டில் இரண்டுமே இருக்கிறதாம். நீங்கள் சொன்ன அதே ஜோடியைத்தான் டாக்டரும் சொன்னார். அஸ்ட்ரியோனம் இங்கே ஸ்டாக் இல்லை, தம்பி ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டான்.