சிசிக் புரிட்டோவும் அடோபோ டாக்கோவும்: பிலிப்பினோ-மெக்சிகன் கடையில் என்ன கேட்டு வாங்குவது?

சிசிக் புரிட்டோ:
கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் பிலிப்பினோவும் மெக்சிகனும் கலந்த இந்தச் சாப்பாட்டைப் பலருக்கும் பழக்கியது, 2010-இல் தெருவண்டியாகத் தொடங்கிய செஞோர் சிசிக் என்ற கடை. சிசிக்கின் சொந்த ஊர் பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணம். பன்றியின் கன்னத்தையும் காதையும் வேகவைத்து, தணலில் சுட்டு, பொடியாகக் கொத்தி, வெங்காயம், மிளகாய், கலமான்சிச் சாறு சேர்ப்பார்கள். சோற்றையும் கறியையும் டார்ட்டியா என்னும் மெக்சிகன் ரொட்டியில் சுருட்டித் தரும் புரிட்டோவுக்குப் பல கடைகளில் தோள்கறிதான் போடுகிறார்கள். காதின் நறுக்கென்ற கடி அதில் கிடைக்காது, அதனால் கல்லில் முறுகும் ஓரம்தான் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும்.

கறியை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஆவித்தட்டிலிருந்து கரண்டியால் அள்ளி நேராக டார்ட்டியாவில் வைத்தால், கறியோடு வரும் நீர் சோற்றில் இறங்கி, பாதி சாப்பிடுவதற்குள் அடி கிழிந்துவிடும். "கல்லில் ஒரு தடவை புரட்டி, ஓரம் முறுக விட்டுத் தாருங்கள்" என்று கேட்டால், கூட்டம் இல்லாத நேரத்தில் மறுக்க மாட்டார்கள். கலமான்சி நெல்லிக்காய் அளவில் இருக்கும் எலுமிச்சை வகை. அதைக் கடைசியில்தான் பிழிய வேண்டும். சூட்டுக் கல்லில் பிழிந்தால் மணம் பறந்து வெறும் புளிப்பு மட்டும் நிற்கும்.

அடோபோ டாக்கோ:
அடோபோ என்று பலகையில் பார்த்தால், எந்த ஊர் அடோபோ என்று முதலில் கேளுங்கள். மெக்சிகோவில் அது உலர்மிளகாயை ஊறவைத்து அரைத்த சிவப்பு மசாலா. பிலிப்பைன்ஸில் வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலையோடு வேகும் கறி. மிளகாய் இல்லாமலேகூட இருக்கும். ஊறவைப்பதைக் குறிக்கும் தங்கள் சொல்லை ஸ்பானியர்கள் இரண்டு நாட்டுச் சமையலுக்கும் வைத்ததால் வந்த குழப்பம் இது.

சிறிய டார்ட்டியாவில் கறியை வைத்து மடித்துத் தின்பது டாக்கோ. அதில் வைக்கும் அடோபோ வேறு பக்குவம். 1 கிலோ தோள்கறிக்கு அரை கப் வினிகர், ஒரு முழுப் பூண்டு, 3 பிரிஞ்சி இலை, ஒரு தேக்கரண்டி மிளகு. சோயா சாஸ் வழக்கமாக அரை கப், ஆனால் டாக்கோவுக்கு மூன்றில் ஒரு கப் போதும். குழம்பு வற்ற வற்ற உப்பு ஏறும் என்பதைப் பல கடைகள் மறந்துவிடுகின்றன. உப்புக் கரிக்கும் அடோபோ டாக்கோவுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வினிகர் ஊற்றிய பிறகு மூடாமல், கிளறாமல் ஒரு கொதி வரவிட வேண்டும். மூடினால் பச்சை நெடி பாத்திரத்துக்குள்ளேயே சுற்றும். கறி வெந்து, குழம்பு சுண்டி, எண்ணெய் பிரிந்ததும் அந்தக் கொழுப்பிலேயே வறுத்தெடுக்க வேண்டும். சோற்றோடு பிசைய தளதளப்பான அடோபோ அருமை. டார்ட்டியாவுக்கு அது ஆகவே ஆகாது.

மக்காச்சோள டார்ட்டியா, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தின் மாவு. கோதுமையின் இழுவை அதில் கிடையாது. ஆறினால் விரிசல் விடும், நனைந்தால் கரையும். அதனால்தான் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தருகிறார்கள். ஒற்றையாக வந்தால் இன்னொன்று கேட்டு வாங்குங்கள்.

சைவமும் பன்றிக்கறி தவிர்ப்பும்:
சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கடைகளில் கண்ணுக்குத் தெரியாத இடங்கள் நிறைய. டோஃபு சிசிக் என்று பெயர் இருந்தாலும் அதில் பாத்திஸ் என்னும் மீன்சாறு, சிப்பி சாஸ், முட்டை சேர்ந்த மயோனீஸ் இருக்கக்கூடும். காய்கறிக் கூட்டில் பாகூங் என்ற இறால் விழுது விழும். மசித்த பீன்ஸிலும் கோதுமை டார்ட்டியாவிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது மெக்சிகன் வழக்கம். சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைத்திருக்கலாம், பூண்டுச் சோற்றைக் கறிக்கொழுப்பில் வதக்கியிருக்கலாம். "வெஜிடேரியனா?" என்று கேட்டால் "கறி இல்லை" என்ற அர்த்தத்தில் ஆமாம் என்பார்கள். மீன்சாறு, இறால் விழுது, பன்றிக்கொழுப்பு, கோழிச்சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

பன்றிக்கறி தவிர்ப்பவர்கள் கோழி அடோபோ கேட்டாலும், அதே கல்லில்தான் சிசிக்கும் புரளும். லும்பியா என்னும் பொரித்த சுருளின் உள்ளே பெரும்பாலும் பன்றிக் கொத்துக்கறி. வறுக்கும் எண்ணெயும் பொதுதான், ஆகவே உருளைக்கிழங்கு வறுவலைக்கூடக் கேட்டே வாங்குங்கள்.

பழைய உறவு:
இது இன்றைக்கு யாரோ யோசித்துச் சேர்த்த சேர்க்கை என்று நினைப்பவர்களுக்காக. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மிளகாயும் சர்க்கரைவள்ளியும் மக்காச்சோளமும் மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு வந்தன. சர்க்கரைவள்ளிக்கு பிலிப்பைன்ஸில் இன்றும் மெக்சிகோவின் நாவாட்டில் மொழி தந்த பெயரான காமோத்தேதான். அங்கிருந்து போன பிலிப்பினோ மாலுமிகள் மெக்சிகோவின் கொலிமா கரையில் தென்னை மரமேறிக் கள் இறக்கினார்கள். தூபா என்ற அதே பிலிப்பினோப் பெயரில், வேர்க்கடலை தூவி, இன்றும் அது கொலிமா தெருக்களில் விற்கிறது. நம் தென்னங்கள்ளேதான். அது புளித்தால் கிடைக்கும் வினிகரே பல பிலிப்பினோ சமையலுக்கு அடிப்படை.

கலிஃபோர்னியாவில் இந்த இரண்டு கூட்டமும் திராட்சைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் நின்றவர்கள். 1965 செப்டம்பர் 8-ஆம் தேதி டெலானோவில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். எட்டு நாள் கழித்து சீசர் சாவேஸின் மெக்சிகன் சங்கம் அவர்களோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டே இரண்டு சங்கமும் ஒன்றாயின. அடோபோவையும் டார்ட்டியாவையும் ஒரே தட்டில் பார்க்கும்போது எனக்கு அந்தத் தோட்டங்கள்தான் கண்ணில் நிற்கும்.

கினிலாவ் டொஸ்தாடா:
பொரித்த டார்ட்டியாவின் மேல் வைத்துத் தரும் கினிலாவ் டொஸ்தாடா இருந்தால் விடாதீர்கள். கினிலாவ் என்பது வினிகர், இஞ்சி, வெங்காயம், மிளகாய் சேர்த்த பச்சை மீன். மெக்சிகன் செவிச்சே எலுமிச்சைச் சாற்றில். புளிப்பு பட்டு மீன் வெளுப்பது வெந்ததுபோல் தெரியும், ஆனால் மீனில் இருக்கக்கூடிய புழுக்கள் அதனால் சாகாது. மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைந்த மீனா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் கடையில் வேண்டாம். புளிப்பில் அதிக நேரம் கிடந்த மீன் ரப்பர்போல் இறுகும், பொரித்த டார்ட்டியாவும் நமத்துப்போகும். மேஜைக்கு வந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். பார்சலுக்கு உகந்த பண்டம் இல்லை.

குடிக்க:
ஊபே ஓர்ச்சாட்டா கேளுங்கள். ஊபே வேறொன்றும் இல்லை, யாழ்ப்பாணத்தில் கஞ்சி காய்ச்சும் இராசவள்ளிக் கிழங்குதான். கிழங்கு மட்டும் போட்டால் நிறம் சற்று மங்கலான ஊதாவாக இருக்கும். கண்ணைப் பறிக்கும் ஊதா என்றால் பெரும்பாலும் எசன்ஸ். ஓர்ச்சாட்டா ஊறவைத்த அரிசியைப் பட்டையோடு அரைத்து வடிகட்டிய பால், எனவே அரிசி மாவு அடியில் தங்கும். ஐஸ் போட்டு வைத்துவிட்டால் முதல் வாய் தண்ணீர், கடைசி வாய் மாவு. உறிஞ்சுகுழலை அடிவரை விட்டு நன்றாகக் கலக்கிவிட்டுக் குடியுங்கள்.